கோட எறங்கினா

வேண்டாம் மைனி, நீங்க கையக் கறையாக்காதீங்க, நானே சீவிருதேன். இன்னும் நாலு கெழங்குதான் கெடக்கு. இந்த மலங்காட்டு மரச்சீனிக்குத் தோலு கட்டி, பழகாத கைன்னா கத்தி வழுக்கிரும். நீங்க பிள்ளைய மடியில வச்சு ஆட்டிக்கிட்டு இரிங்க, அது போதும். வித்துரா போய்ச் சேரவே உச்சி திரும்பிரும், பொறவுதான் பஸ்ஸு. வழியில திங்க என்னமாவது வேண்டாமா?

ஆமா, வண்டிக்காரன் வந்திட்டான். பாத்தேன். ஒங்க தம்பி பெட்டியையும் பாயையும் ஏத்திட்டு நிக்குதாவ, அதையும் பாத்தேன்.

கெழங்கு வெறும் சாக்குதான் மைனி. நீங்க சொன்னது சரிதான். எனக்கு வண்டியில ஏற மனசு வரல்ல.

ஐயோ, கோவப்படாதீங்க. ஒங்க வீட்டு மேல ஒரு கொறையும் இல்ல. தம்பானூர் ரயில் ஸ்டேஷன்ல அண்ணன் யாரு யாரு கால்லயோ விழுந்து ஒங்க தம்பிக்குச் சொமட்டு வேல வாங்கிக் குடுத்திருக்காவ. பின்கட்டு முறிய நீங்க எங்களுக்குன்னு ஒழிச்சுப் போட்டிருக்கீங்க. நன்றி இல்லாம இல்ல. எனக்குப் பேசத்தான் தெரியாது. கல்யாணம் முடிஞ்சு ஆறு வருசத்துல ஒங்ககிட்ட நான் இவ்வளவு பேசினதே இண்ணைக்குத்தான், இல்லியா?

சொன்னா நீங்க சிரிப்பீங்க. அங்க வெயிலு ரொம்ப.

உஷ்ணம் இல்ல மைனி. உஷ்ணம் சகிச்சுக்கிடலாம். மூத்தவ சரோஜத்துக்கு ரெண்டு வயசுல ஒருக்க ஒங்க வீட்டுக்கு வந்தோமே, ஓர்ம இருக்கா? வாசல்ல ஒக்காந்தா ரோட்டோட கடேசி வரைக்கும் தெரிஞ்சுது. யாரு வாறா, யாரு போறா, எல்லாம் வெட்டவெளிச்சம். அந்த வெளிச்சந்தான் எனக்குப் பயமா இருக்கு.

இல்ல, நானும் வெட்டவெளியில பெறந்தவதான். இரணியல் பக்கம் எங்க ஊர்ல நின்னு பாத்தா கடேசிப் பன வரைக்கும் எண்ணிரலாம். இங்க வந்த மறுநாளே கோட எறங்கிச்சு. மூடுபனியத்தான் இங்க கோடன்னு சொல்லுவாங்க. கதவத் தொறக்கேன், முத்தத்தக் காணல்ல, எதுத்த லயத்து வீடுகளக் காணல்ல, கைய நீட்டினா விரலக் காணல்ல. கண்ணு போயிட்டே, கண்ணு போயிட்டேன்னு கெடந்து கத்தினேன். ஒங்க தம்பி வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாவ. கண்ணெல்லாம் இருக்கு பெண்ணே, மல மொகங்கழுவுதுன்னாவ. லயம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாவ. ஒரு மாசம் என்னக் குருடின்னுதான் விளிச்சாங்க எல்லாரும்.

பொறவு பழகிச்சு. பழகிச்சுன்னா, ஒரு பிரியமே வந்திட்டு. மூணு மணியப்போல மேல மொட்டப்பாறையிலேர்ந்து பைய எறங்கும். மொதல்ல பங்களா ஓடு போகும். பின்ன சவுக்கு மரமெல்லாம் போகும். பின்ன பக்கத்துல தேயிலக் கொழுந்து நுள்ளுதவளோட தல போகும், சத்தம் மட்டும் நிக்கும். சரோஜத்துக்கு அது வந்தாக் கொண்டாட்டம். வாயத் தொறந்து கடிச்சுப் பாப்பா. உப்பில்லன்னு சொல்லுவா.

அழல்ல மைனி. இல்ல. நீங்க பிள்ளையப் பாருங்க, துணிய இழுத்து வாயில வைக்குது.

வெயிலடிச்சா அந்தச் சரிவு முழுக்கத் தெரியும், அந்தா, மாட்டுக் கொட்டிலுக்கு மேல. ஒவ்வொரு தேயிலச் செடியும் தனித்தனியாத் தெரியும். எந்தச் செடிக்குக் கீழயும் அவ இல்லங்கிறதும் தெரியும். கோட எறங்கிட்டா எனக்குத் தெரியாதில்லியா? எந்தச் செடிக்குக் கீழ வேணும்னாலும் இருக்கலாம். முட்டக் கட்டிக்கிட்டு, சாக்கத் தலையில போட்டுக்கிட்டு. பிள்ள கர்த்தர்ட்ட இருக்குன்னு உபதேசியார் சொல்லுதாரு. நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா கோட நிக்குத அந்த ரெண்டு மணிக்கூறு அவ இங்கயும் இருக்கா. தம்பானூர்ல கோட எறங்குமா? பின்ன நான் அவள எங்க வைக்க?

கடலக் காட்டுதேன்னு சொல்லுதீங்க. கடலும் தெரியத்தானே செய்யும்.

அவளப் பொதச்ச குழி மாடமா? அங்க ஒங்க தம்பிதான் போவாவ, ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம. நான் போறதில்ல. அவ அந்தக் குழியில இருக்காங்கது எனக்கு ஏறவே மாட்டேங்குது.

ஒங்க தம்பி என்ன சொன்னாவ ஒங்ககிட்ட? கங்காணி சரியாத் தேடல்லன்னா? ம். குடிச்சிட்டுப் போனாருன்னுமா? அப்படியும் சொன்னாவளா?

அவியளுக்கு அப்படி நெனச்சாத்தான் ஒறக்கம் வரும் மைனி. அண்ணைக்கு அவிய இங்க இல்ல, வித்துராச் சந்தைக்குப் போயிருந்தாவ. அது அவியளுக்குத் தாங்கல்ல. ஏழு மாசமா உள்ள வச்சு வச்சு, போன வாரம் காலம்பற, பேரு விளிக்கிற களத்துல, எல்லாரும் பாக்க, திரவியம் கங்காணிய அடிச்சாவ. எடது கன்னத்துல. அந்த மனுசன் ஒரு கையத் தூக்கல்ல. தலப்பாவ எடுத்துக்கிட்டு நின்னாரு, அவ்வளவுதான். தோட்டத்துத் தொர பேர வெட்டி வேலய விட்டு நிறுத்தினதும் அதுக்குத்தான். நம்ம இண்ணைக்கு எறங்குததும் அதுக்குத்தான்.

நல்லாக் குடுத்தான்னு சொல்லாதீங்க மைனி. சொல்லாதீங்க.

நான் சொல்லுதேன், கேளுங்க. தேயிலக்காட்டுக்குப் பிள்ளையளக் கொண்டு போகக்கூடாது. அது இங்க சட்டம். லயத்துல ஒருத்திட்ட விட்டிட்டுப் போகணும். அவ பதினெட்டுப் பிள்ளையளப் பாக்கணுமே, அபினி உருட்டி நாக்குல தேச்சு ஒறங்கப் போட்டிருவா. ஒரு நாளு சாயங்காலம் போயி எடுத்தேன், சரோஜம் தல நிக்காம தோள்ல தொங்குனா. அண்ணையிலேர்ந்து நான் அவளக் கூடைக்குப் பின்னால ஒளிச்சுக் கொண்டு போக ஆரம்பிச்சேன். நான் மட்டும் இல்ல, மூணு நாலு பேரு செய்வோம். நுள்ளுத நெரைக்கு ரெண்டு செடி தள்ளி, கீழ இருத்தி, ஒரு சாக்கு மூடி விடுதது. கங்காணி கண்டா அரப்பேருதான் போடுவாரு. அர நாளு கூலி போயிரும். மறுபடியும் கண்டா காட்டுலேர்ந்தே வெளிய.

அண்ணைக்கு ஒங்க மடியில கெடக்க இவன் எனக்கு வயித்துல. ஏழு மாசம். குனிய முடியல்ல, நெரையில நான் பிந்திப் போனேன். மூணு மணி ஆகல்ல, கோட எறங்கிட்டு. அப்படி ஒரு கோட நான் கண்டதே இல்ல, மழையும் சேந்து. கங்காணி விசிலடிச்சு எல்லாரும் எறங்குங்கன்னாரு. நான் அவள இருத்தின செடியத் தேடுதேன், எல்லாச் செடியும் ஒண்ணுபோல இருக்கு. விளிச்சேன். பைய விளிச்சேன் மைனி. கங்காணி பத்தடி தள்ளி நின்னாரு. அரப்பேரு போயிருமேன்னு பையத்தான் விளிச்சேன்.

பொறவு கொழுந்து நிறுக்கிற எடத்துல வந்து நின்னு ஒறக்கக் கத்தினேன். எனக்க பிள்ள மேல இருக்குன்னு. யாரும் ஏசல்ல. திரவியம் கங்காணிதான் மொதல்ல ஓடுனாரு. ஆறு ஆம்பிளையளு போனாங்க. நானும் கெளம்பினேன், பொம்பளையளு வயித்தக் காட்டிப் பிடிச்சு இருத்திட்டாங்க. லயத்து வாசல்ல நின்னு தொண்ட கிழிய விளிச்சேன். கோடக்குள்ள சத்தம் போகாது, பஞ்சுல குத்தினது மாதிரி. இருட்டினப் பொறவும் கங்காணி மட்டும் பந்தத்தோட நின்னாரு, காட்டான வருதுன்னு மத்தவங்க இழுத்துக்கிட்டு வந்தாங்க. விடிஞ்சு கோட வெலகின ஒடனே கண்டாங்க. ஒத்தையடிப் பாதையிலேர்ந்து ரெண்டு கை தூரம். அவங்க நூறு தடவ நடந்த பாத.

உயிரு இருந்திச்சு, ஆமா. அது ஒங்களுக்குத் தெரியும். மூணு நாளு காய்ச்சல்.

ஒங்க தம்பி கேட்டது அதுதான். ரெண்டு கை தூரத்துல கெடந்த பிள்ளைய ஆறு பேரு எப்படிக் காணல்ல? விளிச்சா ஏன் கேக்காது? அப்போ அந்தக் கங்காணி விளிக்கவே இல்ல. அவியளோட கணக்கு அப்படி.

விளிச்சாரு மைனி.

எனக்குத் தெரியும். சரோஜமே சொன்னா. ரெண்டாம் நாளு, ஒங்க தம்பி வைத்தியரக் கூட்டப் போயிருந்த நேரம். கண்ணத் தொறந்து, ஒரு சிரிப்புச் சிரிச்சா. அம்மா, கங்காணி எத்தனையோ தடவ வந்தாரு, எனக்க பேரச் சொல்லி விளிச்சாரு, நான் அனங்கவும் இல்ல, சத்தங்காட்டவும் இல்லன்னா.

நாந்தான் படிப்பிச்சேன். கங்காணி சத்தம் கேட்டா வாயப் பொத்திக்கிட்டு இரி, என்ன சொல்லி விளிச்சாலும் மிண்டாதே, அம்மா வந்துதான் எடுப்பேன்னு. எட்டு மாசம் எடுத்திச்சு அதப் படிப்பிக்க. நல்லா இருந்தாக் கருப்பட்டித் துண்டு குடுப்பேன். காய்ச்சலோட கெடந்த அண்ணைக்கும் அதச் சொல்லி முடிச்சிட்டுக் கைய நீட்டுனா.

குடுத்தேன். எறங்கல்ல. கன்னத்துலயே கெடந்துச்சு.

இல்ல, யாருக்கும் தெரியாது. ஒங்க தம்பிக்கும் தெரியாது. கையோங்கினப்போ நான் கூட்டத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல்ல.

ஆங், கேக்குது, வாறேன்! விளிக்குதாவ மைனி. வண்டிக்காரனும் சத்தம் போடுதான். பிள்ளையத் தாங்க. அந்த மனுசன் மேல ஒரு தப்பும் இல்லன்னு நான் வண்டியில ஏறதுக்கு முந்தியே சொல்லிரணும், இல்லன்னா வித்துரா வரைக்கும் கூடப் போய் எத்த மாட்டேன். இதோ வந்திட்டேன்னு சொன்னேனே! நீங்க எனக்குப் பக்கத்துலயே நில்லுங்க, என்னா? அவிய மொகத்தப் பாத்திட்டு நான் மிண்டாம நின்னிட்டேன்னா, நீங்களாவது