பழனாயி, எல்லா சைஸிலும்

ஒரே போஸ்டரில் திருப்பூர் முழுவதையும் அழவைத்தவன் நான். அன்றைக்கு நொய்யலில் ஓடியது மழைத்தண்ணீர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டீயில் சீனி வேண்டாம் மேடம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

டேனியல் மட்டும் முதலிலிருந்தே நம்பவில்லை. பிரிண்டிங் பட்டறையில் என்னோடு சாயம் கலக்கியவன். "படத்தப் பாத்து எவனுங்ணா அழுவான்? செல்போனத்தான் நீட்டுவான்" என்றான். என்னிடம் போய் இப்படிச் சொல்கிறான். ஐரோப்பாவில் ராஜ வம்சத்துக் குழந்தைகளெல்லாம் நான் பனியனுக்கு வரைந்த குரங்கை மார்பில் போட்டுக்கொண்டுதான் தூங்கின.

நான் ஓய்வு பெற்றதும் எங்கள் சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. வீடில்லாதவர்கள்மேல் ஊருக்கு இரக்கம் வர வேண்டும், அதற்கு ஒரு டிசைன். மேம்பாலத்தடியில் பழனாயியைக் கண்டுபிடித்தேன். குண்டடத்துக்காரி. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள். கண் மங்கியதும் வேலை போயிற்று, பிறகு வாடகை வீடும் போயிற்று. என்ன முகம் மேடம் அது! பழுப்புப் பின்னணியில் அந்த முகத்தை வைத்தேன். கீழே ஒரே வரி: 'எனக்கும் ஒரு ஊடு இருந்துச்சுங்க.'

ஊர் உருகியது. பழனாயியின் முகம் எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை டீ-சர்ட்டாக வந்தது. பிறந்தநாள் விருந்துக்கெல்லாம் அவளைப் போட்டுக்கொண்டு போனார்கள். அவளுக்கும் ஒன்று கொடுத்தேன். கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"பாவம், இது ஆருங்க சாமி? இந்தம்மாளுக்கும் ஊடு இல்லீங்களா?"

டிசைனின் வெற்றி என்றால் அதுதான்.

அப்போதுதான் போஸ்டரைப் பார்த்துவிட்டு ராஜா முகமது பாய் கண்கலங்கி வந்தார். தன் லைன் வீட்டில் ஒரு அறையைப் பழனாயிக்காக ஒழித்துவைத்திருக்கிறாராம். வாடகை வேண்டாமாம். "நீங்களே அந்தம்மாகிட்டக் குடுத்துருங்க" என்று சாவியை என் கையில் வைத்தார்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மேடம், எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. சரக்கு வாங்கும் பையர் சாம்பிளை அப்ரூவல் செய்துவிட்டால், சரக்கு கப்பல் ஏறும்வரை அதில் ஒரு நூல் மாறக் கூடாது. நிறம் கொஞ்சம் தப்பினாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை மேம்பாலத்தடியில் பெரிய போஸ்டரைத் திறக்கும் விழா. அவள் குளித்து, தலை வாரி, வீட்டுக்காரியாக வந்து நின்றால் யார் அழுவார்கள்? பழனாயி என் அப்ரூவல் ஆன சாம்பிள்.

வீடு வருகிறது என்று மட்டும் அவளிடம் சொல்லிவைத்தேன். போகும்போதெல்லாம் கேட்பாள்: "ஊடு ஆச்சுங்களா சாமி?"

"சுண்ணாம்பு அடிச்சிட்டிருக்காங்க ஆத்தா. காயோணுமில்ல?"

"நல்லாக் காயட்டுமுங்க. அவசரமில்லீங்க."

எவ்வளவு ஒத்துழைப்பு பாருங்கள்.

யாரோ அவளுக்கு நீலத் தார்ப்பாய் ஒன்று கட்டிக் கொடுத்திருந்தார்கள். நல்ல மனசுதான், ஆனால் கண்ணில்லாத மனசு. பழுப்புக்குப் பக்கத்தில் அந்த நீலம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை நானே அவிழ்த்து, மடித்து, வண்டியில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்தது. காற்றில் சாரல் தூண்வரைக்கும் அடித்தது. அவளுக்கு ஏற்கெனவே காய்ச்சல் என்று பிறகு சொன்னார்கள். முகம் கொஞ்சம் சிவந்திருப்பதை நானும் கவனித்தேன், நிறம் மாறுகிறதே என்று கவலைப்பட்டேன்.

போஸ்டரில் ஒரு சொட்டு சாயம் கரையவில்லை. அதற்கு நான் உத்தரவாதம்.

ஞாயிறு காலை திரையை விலக்கினார்கள். மேலே பழனாயி. கீழே தூணில் சாய்ந்தபடி பழனாயி. சங்கத் தலைவர்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தாள். பிறகு கூட்டம் அழுதது பாருங்கள், பெண்கள் மட்டுமல்ல, மீசைக்காரர்கள்கூட. படத்துக்கும் ஆளுக்கும் மயிரிழை வித்தியாசமில்லை. சாம்பிளும் சரக்கும் அப்படிப் பொருந்தி என் சர்வீஸில் நான் பார்த்ததேயில்லை.

விழா முடிந்ததும், சொன்ன சொல் தவறாமல், சாவியை வெளியே எடுத்தேன். "இனிக் குடுத்துரலாம்" என்றேன். டேனியல் அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான். இப்போது உங்கள் ஸ்டேஷன் மேஜையில் இருக்கிறதே, அதுதான். கொண்டுவந்து கொடுத்தவனும் அவன்தான்.

அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. அங்கேயே நிறுத்தி ஒன்றே ஒன்று கேட்டேன். "இப்பவாவது ஒத்துக்கடா. படத்தப் பாத்து ஊரு அழுதுச்சா, இல்லையா?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. கீழே கிடந்தவளைத்தான் பார்த்தான். குரல் உடைந்துவிட்டது பாவம்.

"அழுதுச்சுங்ணா. நீங்க சொன்னது நடந்துருச்சுங்க."