நொடிமுள் இல்லாத கைக்கடிகாரம்

“நீ செஞ்சு தந்தது வாட்ச் இல்லலே, வளையலு!”

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த நர்ஸம்மாதான் கத்தினார். கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. கையிலிருந்த மெல்லிய கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்திலிருந்த தம்பியின் மடியில் போட்டார்.

“எக்கா, டயலு, வெளிக்கூடு கேஸு, உள்ள ஓடுற மெஷினு எல்லாம் தனித்தனியா வாங்கி நானே கோத்தது.”

“நொடிமுள்ளு எங்கலே?”

“இது மெல்லிசு கேஸு. மூணு முள்ளு மெஷினு போட்டா கண்ணாடியில முட்டும். அதான் ரெண்டு முள்ளு மெஷினு போட்டேன். ஒங் கைக்கு அளகா இருக்கும்னு…”

“அளகு யாருக்குலே வேணும்? மெஷின முடிவு பண்ணிட்டுல்ல கேஸத் தேடணும்? நொடிமுள்ளு இல்லாம நாடிய எதப் பாத்து எண்ணுவேன்?”

“வெரல்ல மாட்டுனா நாடியக் காட்டுற கிளிப்புதான் இருக்குல்லக்கா.”

“பட்டாசு மருந்துல வெரலு வெந்து வாரவுகளுக்கு அத எங்கனலே மாட்ட? நான் கழுத்துல கைய வச்சுல்ல எண்ணுதேன்!”

தம்பி கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அடுத்த மாசம் வேற கேஸு வாங்கி, மெஷின மாத்தித் தாரேன்க்கா.”

“அடுத்த மாசமா? தீவாளி ஆர்டருக்கு எல்லாப் பட்டாசுக் கம்பெனியிலயும் அவசர அவசரமா மருந்து செலுத்திட்டு இருக்காக. எனக்கு நாளைக்கே வேணும்லே.”