அடையாளச் சேலை

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஐம்பது வயதுப் பெண்ணொருவர் உயிர்காப்பு அங்கியை, அதைக் கொடுத்த உத்தியோகத்தரிடமே திருப்பி நீட்டினார்.

“இதைப் போட்டா அவருக்கு என்னைத் தெரியாது, தம்பி.”

“ஆருக்கு, அக்கா?”

“என்ர மனுசனுக்கு.”

“அவர் அங்கை துறையில நிக்கிறாரோ? இறங்கினவுடன கழட்டலாம்தானே.”

“துறையில இல்லை. நடுக்கடலில. வள்ளத்தோட போனவர், திரும்பி வரேல்லை. அந்த இடம் வரேக்கை, அவருக்குப் பிடிச்ச இந்தப் பச்சைச் சீலையோட எழும்பி நிக்கிறனான்.”

“இனி எழும்பி நிக்கவும் ஏலாது, அக்கா. அங்கி போடாட்டி ஏத்தவும் மாட்டம். சட்டம் அப்பிடி.”

“என்ர உயிர், என்ர விருப்பம். உங்களுக்கென்ன?”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். உத்தியோகத்தர் குரலைத் தாழ்த்தினார்.

“அண்டைக்கு அவர் இதைப் போட்டவரோ?”

“இல்லை. வேர்க்குதெண்டு வீட்டில கொழுவி வைச்சிட்டுப் போனவர். ஒருத்தரும் மறிக்கேல்லை.”

அந்தப் பெண் அங்கியை விரித்துப் பிடித்தார்.

“உங்களைப்போல ஒருத்தர் அண்டைக்கு நிண்டிருந்தா, அந்த ஆளை ஏசி ஏசியெண்டாலும் இவர் போட்டிருப்பார்” என்று சொல்லிக் கைகளை நுழைத்தார். வார்களை உத்தியோகத்தரே இறுக்கிவிட்டார்.

படகில் அந்தப் பெண் எனக்கு முன்னால்தான் இருந்தார். நடுக்கடல் வந்த பின்னரும் எழும்பவில்லை. பச்சைத் தலைப்பை உள்ளிருந்து இழுத்து, செம்மஞ்சள் அங்கிக்கு மேலே பரப்பிவிட்டார்.

“இஞ்சேருங்கோ” என்றார் தண்ணீரைப் பார்த்து. “நான்தான்.”