தோளுக்கா, காதுக்கா?

அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்டே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுகிற முட்டாள் நான். போத்தனூர் பஸ்ஸில் முன்சீட்டு அம்மா கணவரிடம் சொன்னார்:

“ஏனுங்க, துப்பாக்கி உதைச்சா என் தோளு தாங்காதுங்க.”

இருவரும் ரைஃபிள் கிளப். தானாகக் குண்டு ஏறும் அம்மாவின் ரைஃபிளுக்கு மசில் பிரேக் தேடுகிறார்கள்; வெடிவாயுவை ஓட்டைகள் வழியே திருப்பி உதையைக் குறைக்க, குழல்முனையில் மாட்டும் சாதனம்.

“மேல ஓட்டை வெச்சதை மாட்டிக்க அம்மணி.”

“அதுல உதை கொறையாதுங்க. இன்னொருக்கா தோளு போனா போட்டியே வேண்டாம்னுட்டாரு டாக்டரு. பக்கவாட்டு ஓட்டைதான்.”

“சத்தமெல்லாம் பக்கத்துப் பாய்க்கு வருமே. அங்க படுத்துச் சுடறது நானாச்சே.”

“தள்ளிப் படுங்க.”

“ஊட்லயும் அதே பேச்சு, கிளப்லயும் அதேவா?”

அடக்க முடியாமல் தலையை நீட்டினேன். “அவ்வளவு சத்தமாங்க?”

அம்மா திரும்பிப் பார்த்தார்.

“பக்கத்துல காது வெச்சிருக்கறவங்களுக்கு மட்டுந்தானுங்க.”