பெட்டில மஞ்சள்னுதாங்க ஒட்டியிருக்குது

வாங்க தம்பி, வாங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியுமுங்க. இங்கிருந்து போயி அரை மணி நேரங்கூட ஆகலை, அதுக்குள்ள எவனோ வாயை வெச்சுட்டான். பஸ் ஸ்டாப்புல நின்னிருப்பீங்க. பைக்குள்ள எட்டிப் பார்த்திருப்பான். "ஏனுங் சார், என்ன பச்சை டீசர்ட்டு வாங்கிட்டுப் போறீங்க"ன்னு கேட்டிருப்பான். அதானே? இந்தத் திருப்பூர்ல இதொரு தொந்தரவுங்க... ஆளுக்கு ஆளு கலர் மாஸ்டரு! பனியன் கம்பெனில ரெண்டு மாசம் பிசிறு வெட்டியிருப்பான், அவனும் நம்ம துணியைப் பார்த்து நாயம் பேசறான்.

இருங்க, சித்தெ உக்காந்து பேசலாம். ரெண்டு படி ஏறோணும்... பாத்து... அட, பாத்துன்னுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க, வாயில வந்துருச்சு. ஸ்டூலு உங்க வலக்கைப் பக்கமுங்க. ஆங், அதேதான். குச்சியை வேணா ஓரமா... சரி சரி, நான் தொடலை, நீங்களே வெச்சுக்கங்க.

இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். அந்த டீசர்ட்டு வந்த அட்டைப் பெட்டில என்னன்னு ஒட்டியிருக்குது? 'யெல்லோ'. இங்கிலீஷ்ல, கொட்டை கொட்டை எழுத்துல. நானா ஒட்டினேன்? அருள்புரத்துல ஒரு கம்பெனிக்காரன் வெளிநாட்டு பையருக்குன்னு, அதான் மொத்தமா வாங்கறவனுக்குன்னு தெச்சு, தேச்சு, மடிச்சு, பெட்டி போட்டு ஒட்டினதுங்க. பையர் வேண்டாம்னு தள்ளிட்டான்னா அதை லாட்டா எடுத்து விக்கறது நம்ம பொழப்பு. நஞ்சப்பன் கடைன்னா யாரை வேணா கேளுங்க... சரி, எல்லாரையும் கேக்க வேண்டாம். ஆனா பெட்டில என்ன எழுதியிருக்குதோ அதைத்தான் நான் சொன்னேன். நீங்களும் மாரிச்செல்வம்னு பேரு சொன்னீங்க, நான் நம்புனேனில்லைங்களா? ஆதார் கார்டா கேட்டேன்?

அதுவும் மொதல் போணிங்க, தம்பி. ஷட்டரைத் தூக்கி, சாமிக்கு ஊதுபத்தி காட்டித் திரும்பறேன், நீங்க நிக்கறீங்க. காலங்காத்தால போணி பண்ணுன துணி திரும்பி வந்தா அன்னைக்கு முச்சூடும் ஈ ஓட்ட வேண்டியதுதான். தெக்கத்திப் பக்கம் உங்களுக்கு இதெல்லாம் எப்படியோ, எங்களுக்கு அப்படி.

எல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துக்காரங்க பண்ற வேலைங்க! போன மாசம் சிவப்பு நாளு. அதுக்கு முந்தி என்னமோ பழ நாளு, பிள்ளைக பலாப்பழத்தைத் தூக்கிக்கிட்டுப் போகுது. இன்னைக்கு மஞ்சள் நாளு. பிள்ளை மட்டும் போட்டா பத்தாதாம், அப்பன் ஆத்தாளும் மஞ்சள்ல வந்து வரிசையா நிக்கோணுமாம், போட்டோ எடுப்பாங்களாம். எல்.கே.ஜி. பிள்ளைக்கு மஞ்சள் தெரியலைன்னா வாத்தியாரம்மா சொல்லிக் கொடுக்கட்டும், ஊரையே மஞ்சள்ல முக்கி எடுப்பாங்களா? ஒரே வாரத்துல என்ற கடை மஞ்சளைத் தொடைச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. பத்து வருசமா ஒருத்தனும் கை வெக்காத கலருங்க அது!

அதுல பாருங்க, வாங்குன அத்தனை பேர்ல, மஞ்சள்னா எப்படிங்க இருக்கும்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். இருபத்து மூணு வருசமா கலர் விக்கறேன். "இது சாயம் போகுமா"ன்னு கேப்பாங்க, "இதுல டபுள் எக்ஸெல் இருக்குதா"ன்னு கேப்பாங்க. எப்படி இருக்கும்னு ஒருத்தரும் கேட்டதில்லை. உங்க பாப்பா... சுபஸ்ரீதானே? ஆங், சுபஸ்ரீ. "உனக்கு என்ன கலர்ப்பா புடிக்கும்"னு கேட்டுதுன்னீங்க. மஞ்சள் நாள் வருதேன்னு மஞ்சள்னு சொல்லி வெச்சீங்க. "ஏன் புடிக்கும்"னு அடுத்த கேள்வி போட்டுதாம். அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. என்னைக் கேட்டிருந்தாலும் மாட்டியிருப்பனுங்க.

நானும் சொல்லிப் பார்த்தேன். எலுமிச்சம்பழமாட்டம் இருக்கும்னேன். "அப்ப புளிப்பா இருக்குமா"ன்னீங்க. மாம்பழமாட்டம்னேன். "மாம்பழத்துல பச்சையும் இருக்குது, சிவப்பும் இருக்குதுன்னு என் வீட்டுக்காரி சொல்லுவாளே, எந்த மாம்பழம்"னீங்க. மஞ்சத்தூளுன்னேன். "அது கசக்குமே"ன்னீங்க. அட சாமி! பையரே பரவால்லை போங்க.

அப்புறந்தான் எனக்குத் தெரிஞ்ச வழியில சொன்னேன். கலரைத் துணியை வெச்சுச் சொல்லக் கூடாதுங்க, கஸ்டமரை வெச்சுச் சொல்லோணும். இந்தச் சிவப்புத் துணிக் குமி இருக்குதே, உள்ளார வர்றவன் கை மொதல்ல அதுலதான் விழும். எடுத்து நெஞ்சு மேல வெச்சுப் பார்ப்பான், கண்ணாடியில ஒரு சிரிப்பு சிரிப்பான், வெச்சுட்டு நேவி ப்ளூ வாங்கிட்டுப் போவான். ஆசைப்படறது சிவப்பு, வாங்கறது நேவி ப்ளூ, அவ்வளவுதான். ஆலிவ் கிரீன்னு ஒண்ணு, புருசன் ஆசையா எடுப்பான், பொண்டாட்டி புடுங்கி வெச்சிருவா. வெள்ளை இருக்குது பாருங்க, அதை இங்க யாரும் குறை சொல்ல மாட்டாங்க, ஊட்டுக்குப் போனதுக்கப்புறந்தான் சண்டை. என்ற சம்சாரம் ராமாத்தா வெள்ளைச் சட்டை எடுத்துட்டு வந்தீங்கன்னா நீங்களே தொவைச்சுக்கங்கன்னு சொல்லிட்டா. பத்து வருசத்துக்கு முந்தி ஒரு ஒறம்பரைக் கல்யாணத்துல நான் சாம்பாரைக் கொட்டிக்கிட்டதை இன்னும் விட மாட்டேங்கறா... அதை விடுங்க.

மஞ்சளுக்கு வர்றேன். மஞ்சள் குமியைப் பார்த்தா எல்லா மூஞ்சியும் ஒரு நொடி மலரும். "அட!"ன்னுவாங்க. ஆனா வாங்க மாட்டாங்க. நம்மளுக்கு ஆகுமோ ஆகாதோ, நாலு பேரு பார்த்தா என்ன நெனப்பாங்களோன்னு கூச்சப்பட்டுக்கிட்டு நகந்துருவாங்க. பிள்ளைகளுக்குக் கூச்சம் ஏது? அதுக பாட்டுக்கு அதுலயே போயி விழும். இதைச் சொன்னேன். நீங்க உடனே, "அப்ப மஞ்சள்னா கூச்சப்படாத கலரு, இல்லைங்களா"ன்னீங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு தம்பி. இத்தனை வருசம் வித்தும் எனக்கு அது தோணலை பாருங்க. "இதைத்தான் பாப்பாகிட்ட சொல்லப் போறேன்"னு சிரிச்சுக்கிட்டே போனீங்க.

போனீங்களா, அத்தோட முடிஞ்சுது. எவனோ ஒருத்தன் பச்சைன்னு சொன்னான்னு திரும்பி வந்துட்டீங்க.

பச்சைன்னு சொன்னவன் எங்க நின்னு பார்த்தான்? வெயில்ல. வெயில்ல பார்த்தா அப்படித்தாங்க இருக்கும். என்ற கடையில டியூப் லைட்டு. டியூப் லைட்டுக்குக் கீழ அது மஞ்சளு. சுத்த மஞ்சளு, நான் எங்க வேணாலும் வந்து சொல்றேன். வெயிலுக்குப் போச்சுன்னா கொஞ்சம்... பச்சை அடிக்கும். கொஞ்சமில்லை, நல்லாவே அடிக்கும். சாயம் போட்டதுல கோளாறு. சாயப்பட்டறை மாஸ்டரு லைட்டு வெளிச்சத்துலயே பார்த்துட்டு ஓகேன்னு எழுதிட்டான், பையரோட ஆளு வந்து ஜன்னலோரம் ஒண்ணைப் புடிச்சுப் பார்த்தான், லாட்டு முச்சூடும் வேண்டாம்னுட்டான். அதனாலதான் அது நம்ம கடைக்கே வந்துச்சு. கடைக்கு வெளியில வெயிலு அடிக்குதுன்னா அதுக்கு நஞ்சப்பன் என்ன பண்ணுவான்?

அதுக்குத்தானுங்க இந்த ஊர்ல ஒரு பழக்கம் வெச்சிருக்கறாங்க. யாரு துணி எடுத்தாலும் சரி, நேரா வாசலுக்குக் கொண்டுபோயி, வெயில்ல ஒரு தடவை விரிச்சுப் பார்த்துட்டுத்தான் உள்ளார வந்து காசு கொடுப்பாங்க. சாயப்பட்டறை மொதலாளியும் அப்படித்தான், சந்தைக்கு வர்ற பொம்பளையும் அப்படித்தான். நேத்து மட்டும் இதே டீசர்ட்டை ஏழு பேரு வாசலுக்குக் கொண்டுபோனாங்க. ஏழு பேரும் மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டாங்க. வாசலுக்குக் கொண்டுபோகாம வாங்குனது நீங்க ஒருத்தர்தான் தம்பி.

...

என்னங்க இது? இப்படி மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காந்தா நான் என்னமோ வேணும்னே...

சரி. சரிங்க. தெரியும். எனக்குத் தெரியுமுங்க. அது பச்சையாட்டம் இருக்கும்னு தெரிஞ்சுதான் எடுத்துக் கொடுத்தேன். கிடக்குதே, தள்ளி விட்டுரலாம், இவருக்கு எங்க தெரியப் போகுதுன்னு ஒரு நெனப்பு வந்துருச்சு. வாயி ஒரு பக்கம் கலரைப் பத்திப் பெருசா நாயம் பேசிக்கிட்டு இருக்குது, கையி பச்சையை எடுத்துப் பையில போடுது. சொல்லிட்டேன். போதுமுங்களா? போலீஸ்ல வேணா போயி...

என்னது?

...குடையா?

என்ன குடை? ...காசு கொடுக்கறப்ப மேசை மேல வெச்சீங்களா? ...ஆமா, இருக்குது, இந்தா இருக்குது, நீலப் பூப்போட்ட குடை. உங்க சம்சாரத்துக் குடையா? ...இருங்க, இருங்க. அப்ப பஸ் ஸ்டாப்புல யாரும் ஒண்ணும்... யாருமே ஒண்ணும் சொல்லலையா? பையைத் தொறக்கவே இல்லையா? ...பஸ் ஸ்டாப்புக்கே போகலை? தெருமுனை வரைக்கும் போயிட்டுக் குடை நெனப்பு வந்து திரும்பி வந்தீங்களா?

அட கெரகமே! அட நஞ்சப்பா! அப்ப நான் எதுக்குடா இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருந்தேன்? குடை எடுக்க வந்த மனுசனை உக்காத்தி வெச்சு... வந்ததும் "குடை"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லைங்களா? ...சொன்னீங்களா? எப்ப? ...நான் விடலையா. ஆமாங்க, நான் எங்க விட்டேன்.

எந்திரிக்காதீங்க தம்பி. ...பணமா, இந்தாங்க, இப்பவே போன்ல திருப்பிப் போட்டு விட்டுர்றேன். ...வேண்டாமா? பின்னே? ...மஞ்சளா.

இல்லீங்க. தீந்துருச்சு. நாந்தான் சொன்னேனே, ஒரே வாரத்துல... போட்டோ பத்தரை மணிக்கா? இப்ப ஒன்பதே முக்கால். வேற கடை எதுவும் பத்து மணிக்கு முந்தி தொறக்காது. உங்க வீட்டம்மா பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நேரா பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்கன்னீங்க, நீங்க இதை அங்க போயி மாட்டிக்கப் போறீங்க... மாட்டிக்கிட்டு நடு மைதானத்துல, அத்தனை அப்பனும் மஞ்சள்ல நிக்கறப்ப, நீங்க பச்சைல நிக்கப் போறீங்க. நின்னுக்கிட்டு, மஞ்சள்னா கூச்சப்படாத கலருன்னு பாப்பாகிட்ட சொல்லப் போறீங்க. அது, "அப்பா, நீ போட்டிருக்கறது மஞ்சள் இல்லைப்பா"ன்னு...

வேண்டாமுங்க தம்பி. நான் பண்ணுனது சின்ன வேலையில்லை. நீங்க நம்பித்தானே கை நீட்டுனீங்க. மன்னிச்சுக்கங்கன்னு கேக்கறதுக்குக் கூட கூச்சமா இருக்குது.

இருங்க. ஒண்ணு இருக்குது. எல் சைஸு, உங்களுக்குச் சரியா இருக்கும். மேசைக்குக் கீழ எடுத்து வெச்சிருக்கறேன்... இந்தாங்க. என்ற பையன் சுரேஷுக்குன்னு வெச்சது. பேரன் நிதிஷும் அதே பள்ளிக்கூடந்தானுங்க, பக்கத்து வகுப்பு. சுரேஷு இப்ப வந்துருவான் வாங்கறதுக்கு. ...அவனுக்கா? அவனைப் பத்தி உங்களுக்கு என்னங்க, அவன் என்னமோ போடுவான். நீங்க புடிங்க. இது மஞ்சளு. என்ற பேரன் மேல ஆணையா மஞ்சளு. அந்தப் பச்சையை இப்படிக் கொடுத்துருங்க.

எங்க போறீங்க? ...வாசலுக்கா?

...போங்க. போகோணும். படி ரெண்டு... ஆங், தெரியுமில்லை உங்களுக்கு. ஏம்மா! டிபன் பையோட போறவங்களே, ஒரு நிமிசம் நில்லுங்கம்மா, அவரு உங்களைத்தான் கேக்கறாரு. என்ன கலருன்னு சொல்லுங்க. எனக்குச் சொல்ல வேண்டாம், அவருக்குச் சொல்லுங்க. ...மஞ்சளு. கேட்டுதுங்களா தம்பி? நல்ல மஞ்சள்னு சொல்றாங்க.

...அட, இன்னொருத்தர்கிட்டயும் கேக்கறீங்களா? கேளுங்க, கேளுங்க. அந்த சைக்கிள்காரர்கிட்ட கேளுங்க. நான் வாயே தொறக்கலை.

...சிரிக்கறாரு. சைக்கிள்காரரும் மஞ்சள்னுட்டாரு போல இருக்குது. தம்பி, பஸ்ஸுக்கு நிக்காதீங்க, அந்த ஆட்டோவைக் கூப்பிடுங்க! ...ஏறிட்டாரு. ஒரு வார்த்தை, போயிட்டு வர்றேன்னு கூடச் சொல்லலை. எப்படிச் சொல்லுவாரு.

யாரு, போனு... அலோ. சொல்லு சுரேஷு. ...ஆங், எடுத்து வெச்சிருக்கறேன், வா. ...மஞ்சள்தாண்டா, அருமையான மஞ்சளு, பெட்டில கூட...

இல்லைடா. இரு, வெச்சுறாத. மஞ்சள் இல்லை. பச்சைதான் இருக்குது. ...தெரியும், எல்லாரும் மஞ்சள்ல வருவாங்கன்னு தெரியும். நீ இதைப் போட்டுக்கிட்டே போ. எவனாச்சும் கேட்டா, எங்கப்பன் கடையில இதை மஞ்சள்னு சொல்லி வித்தாங்கன்னு சொல்லு. சத்தமாவே சொல்லு.