முபாரிஸுக்குச் செய்த துடுப்புகள்

துடுப்புக்கு மலைவேம்பு நல்லது, சேர். பாரமில்லை, சீவுளிக்கு இணங்கும். எத்தாளையில் என் பட்டறையில் எப்போதும் இரண்டு பலகை கிடக்கும்.

முபாரிஸ் என் தங்கச்சி றிஸ்மினாவின் மாப்பிள்ளை. புத்தளத்தில் போன் திருத்துகிறவர். சண்டை முடிந்து கடலுக்கிருந்த கெடுபிடிகள் போன பிறகு அவருக்கும் கடல் ஆசை வந்தது. வீடியோ பார்த்து, முற்றத்தில் பிளைவூட் பலகையால் ஒரு படகு கட்டினார். நீங்கள் அதைப் படகு என்கிறீர்கள். நான் மாட்டுத் தொட்டி என்பேன். ஊரே பார்க்க வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் றிஸ்மினா தேத்தண்ணி ஊற்றினாள். இத்தனை வருடம் நான் கட்டிய வள்ளங்களைப் பார்க்க அவள் ஒருநாளும் வந்ததில்லை.

பிறகு முபாரிஸ் என்னிடம் வந்தார்.

"நானா, துடுப்ப மட்டும் நீங்க செஞ்சி பூட்டித் தாங்களேன். மிச்சமெல்லாம் நானே முடிச்சிட்டேன்."

துடுப்பு மட்டுமாம்.

செய்தேன். படகு விளிம்பின் இரும்பு வளையத்தில் உராயும் இடத்தில், இரண்டு துடுப்பின் தண்டையும் மெல்லிய வாளால் பாதிக்கு மேல் அறுத்தேன். மரத்தூளில் பசை குழைத்து அடைத்தேன். அதன்மேல் கயிறு சுற்றினேன். தண்டு தேயாமலிருக்க எல்லோரும் சுற்றுவதுதான். வளையங்களையும் நானே படகில் பூட்டினேன். கரையில் நிற்கிறவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். வேறொன்றும் நினைக்கவில்லை.

படகை இறக்கும் நாளையும் நான்தான் குறித்துச் சொன்னேன். வாடைக்காற்றில் கரையோரக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். ஆனால் காற்று வெளியேதான் தள்ளும். போன் திருத்துகிறவருக்கு அது எங்கே விளங்கும்?

அன்று காலை றிஸ்மினாவும் வந்து நின்றாள்.

"நானா, நானும் போகட்டா?"

"ஓம், போ."

தடுத்தால் காரணம் சொல்ல வேண்டி வரும்.

கொஞ்சத் தூரம் போனதும் ஒரு துடுப்பு முறிந்தது. முபாரிஸ் பதறி மற்றதை இழுத்தார், அதுவும் போனது. றிஸ்மினா எழுந்து நின்று கையை ஆட்டினாள். மீன்பிடிக்கிற யாகப்பு தன் இன்ஜின் போட்டைத் தள்ளப் போனார்.

"விடுங்கண்ணன், பகிடிக்குக் கையக் காட்டுறாங்க," என்றேன்.

நம்பினார். நான் அவளுடைய கூடப்பிறந்தவன் அல்லவா? படகு புள்ளியாகி மறையும்வரை நின்று பார்த்தேன். தலவிலப் பக்கம் கவிழ்ந்து கிடந்த படகு மட்டும் கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை.

இன்று நான் பொலிசுக்கு வந்தது வேறு காரணத்துக்காக. பள்ளிவாசலடியில் கதைக்கிறார்கள், படகு நல்ல படகாம், நானாவின் துடுப்புத்தான் பிழையாம். எனக்கு வேலை தெரியாதாம்.

நான் செய்த துடுப்பு தானாக முறியாது, சேர். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.