ஏரிப் பந்தயத்தில் நான் ஓட்டிய திசை

வட ஆற்காடு மாவட்டம், திருப்பத்தூர் வட்டம், மலையடிவாரக் காவல் நிலையத்தில் 1979ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, திங்கட்கிழமை, உதவி ஆய்வாளர் விசாரிக்க நிலைய எழுத்தர் பதிவு செய்தது.

பெயர்: சிங்காரம். தகப்பனார் பெயர்: பொன்னன், காலஞ்சென்றவர். வயது: 36. தொழில்: சொந்த ஜீப் ஓட்டுதல், சாமை விவசாயம். விலாசம்: புதூர்நாடு, ஜவ்வாது மலை.

மேற்படி விலாசத்தில் என் மனைவி செல்லியுடன் குடியிருந்து வருகிறேன். எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். ஆங்கிலம் தெரியாது. அடிவாரத்தைச் சேர்ந்த கோபால்சாமி என்பவர் மீது நான் வேண்டுமென்றே தவறான திசையில் ஜீப்பை ஓட்டிவந்து மோதி அவருடைய காலை உடைத்ததாக அவர் தம்பி பஞ்சாட்சரம் கொடுத்த புகாரின் பேரில் என்னை விசாரிக்கிறார்கள். அப்படி முடிவானால் என் உரிமமும் ஜீப்பும் போய்விடும் என்று உதவி ஆய்வாளர் சொன்னார். எங்கள் மலையில் மலை ஆள் ஒருவன் சொந்தமாக வைத்து ஓட்டும் ஜீப் அது ஒன்றுதான். பந்தயம் விட்டது உண்மை. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். திசையைப் பற்றி மட்டும் நான் சொல்வதைச் சொல்கிறபடியே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சொல்கிறேன்.

கோபால்சாமிக்கு மூன்று ஜீப்புகள் உண்டு. நான் அவரிடம் கிளீனராக இருந்து வண்டி பழகியவன். பிறகு பட்டாளத்தில் கழித்துப்போட்ட ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, நானே பழுது பார்த்து, சொந்தமாக ஓட்ட ஆரம்பித்தேன். அன்றிலிருந்து அடிவாரத்தில் ஜீப் நிற்கும் இடத்தில் அவருடைய மூன்று வண்டியும் நிறைந்து புறப்பட்ட பிறகுதான் என் வண்டியில் ஆள் ஏற வேண்டும் என்று அவர் வைத்த சட்டம் நடந்து வருகிறது. சந்தை நாளில் எங்கள் சனங்கள் புளி விற்ற களைப்போடு என் வண்டியில் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். இறக்கிவிடுவார். அவருடைய வண்டியில் இடம் இல்லாவிட்டால் பின்னால் தொங்கிக்கொண்டு வருவார்கள். ஆள் ஏற்ற எனக்கு அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று உதவி ஆய்வாளர் இப்போது கேட்டார். கோபால்சாமியின் மூன்று வண்டிக்கும் கேட்டுவிட்டு என்னிடம் வரும்படி சொன்னேன்.

இந்த வருடம் மாசி மாதத்தில் புதூர்நாடு பள்ளிக்கூட மைதானத்தில் அரசாங்கத்தார் வந்து படம் காட்டினார்கள். அவர்களுடைய வேன் மலை ஏறாது என்பதால் மெஷினையும் ஜெனரேட்டரையும் கோபால்சாமி தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதனால் யார் எங்கே உட்காருவது என்பதையும் அவரே பார்த்துக்கொண்டார். இரண்டு மரங்களுக்கு நடுவில் வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, மெஷின் இருந்த பக்கம் பெஞ்சு போட்டு, அடிவாரத்திலிருந்து வந்த புளி வியாபாரிகளையும் குத்தகைக்காரர்களையும் உட்கார வைத்தார். நாங்கள் முன்னாலேயே வந்து தரையில் இடம் பிடித்திருந்தோம். எங்களை எழுப்பினார். எங்கள் பக்கத்து வீட்டு முனியம்மா மட்டும் எழுந்திருக்காமல், "நாங்க எங்க குந்தறது?" என்று கேட்டாள். அதற்கு அவர் துணிக்குப் பின்பக்கத்தைக் காட்டி, "அந்தப் பக்கம் போய்க் குந்துங்க. அங்கியும் இதே படந்தான் தெரியும்" என்றார். மலைச் சனங்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தோம். படம் தெரிந்தது.

முதலில் பயிருக்கு மருந்து அடிப்பது பற்றி ஒரு படம். அதன் பிறகு அமெரிக்காவில் முன்பு ஒரு காலத்தில் நடந்த கார் பந்தயம் என்று மைக்கில் சொல்லிவிட்டு ஒரு பழைய படம் போட்டார்கள். முட்டை வடிவத்தில் ஒரு பாதை. அதைச் சுற்றி நாங்கள் எந்தத் திருவிழாவிலும் பார்க்காத கூட்டம். கூரை இல்லாத, சக்கரம் வெளியே தெரியும் கார்கள் அந்தப் பாதையையே திரும்பத் திரும்பச் சுற்றின. ஐந்நூறு மைல் என்று சொன்னார்கள். ஒரு கார் சுவரில் மோதிப் புரண்டது, மற்ற கார்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஜெயித்தவர் முகமெல்லாம் கரியோடு இறங்கினார். அவருக்கு ஒரு பாட்டிலில் பால் கொடுத்தார்கள், குடித்தார். முனியம்மா, "ஒரு வாய் பாலுக்கா இம்மாஞ்சுத்து சுத்துனான்? எங்கூட்டு மாட்டாண்ட வந்திருந்தா சும்மாவே குட்த்திருப்பனே" என்று சொல்ல, எங்கள் பக்கம் எல்லோரும் சிரித்தோம். பெஞ்சுப் பக்கத்திலிருந்து சத்தம் போடாதே என்றார்கள்.

அந்தக் கார்கள் எல்லாம் வலப்பக்கமாகத்தான் திரும்பிச் சுற்றின. கோயிலை வலம் வருகிற மாதிரியே சுற்றின. நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கம் உட்கார்ந்திருந்த யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

அதன் பிறகு சித்திரை மாதத்தில் ஒரு சந்தை நாளன்று, பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பெண்ணைக் குழந்தையோடு என் வண்டியிலிருந்து கோபால்சாமி இறக்கிவிட்டார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன். பேசிய வார்த்தைகளை அப்படியே சொல்கிறேன்.

நான், "இன்னாணா, எத்தினி நாளைக்கு இந்தச் சட்டம்?" என்று கேட்டேன்.

அவர், "என் வண்டி மூணும் நெறையற வரிக்கும்டா" என்றார்.

"அமெரிக்காக்காரன் வுட்ட மாரி நாமளும் வுட்டுப் பாப்பமா? ஜெயிக்கிறவன் வண்டி மொதல்ல பொறப்படட்டும்."

"கிளீனர் பயலுக்கு ரேஸ் கேக்குதா? வா, வுடுவோம். ஏழு சுத்து. படத்துல பாத்த மாரியே."

"படத்துல பாத்த மாரியே" என்று நானும் சொன்னேன். திசை பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருவரும் பார்த்தது ஒரே படம் என்று இருவரும் நினைத்தோம்.

எங்கள் ஊர் ஏரி கோடையில் காய்ந்துவிடும். அதன் நடுவில் முட்புதர் மண்டிய மேடு ஒன்று உண்டு. மேட்டைச் சுற்றி முட்டை வடிவத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாதை அமைத்தோம். மேட்டு ஓரம் முள், வெளி ஓரம் காயாத சேறு. இரண்டு ஜீப் சேர்ந்தாற்போல் புறப்பட அகலம் போதாது. அதனால் ஒரு வண்டி கரைப் பக்கத்திலும் இன்னொரு வண்டி நேர் எதிரே பாறைப் பக்கத்திலும் நிற்பது, வேட்டுச் சத்தம் கேட்டதும் இரண்டும் புறப்படுவது, ஏழு சுற்று யார் முதலில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தவர் என்று பேசி முடித்தோம். கரைப் பக்கம் எனக்கு, பாறைப் பக்கம் அவருக்கு. ஒரு பக்கம் நிற்பவருக்கு இன்னொரு பக்கம் தெரியாதபடி மேடு மறைக்கும்.

சென்ற வெள்ளிக்கிழமை காலையில் பந்தயம் நடந்தது. கரையில் எங்கள் சனங்கள் நின்றார்கள். பாறைப் பக்கம் அவருடைய ஆட்கள் நின்றார்கள். படத்தில் கொடுத்தது போல ஜெயித்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்று செல்லி ஒரு செம்பில் பால் கொண்டுவந்து கரைமேல் வைத்து, ஈ மொய்க்காமல் இலை போட்டு மூடியிருந்தாள். சின்னராசு என்பவர் மேட்டின் உச்சியில் வேட்டுக் கொளுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி இறங்கினார். மேடு என் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நான் வலப்பக்கமாகச் சுற்றப் புறப்பட்டேன். கரையில் நின்றவர்களில் ஒருவர்கூட அது தப்பு என்று கத்தவில்லை. விசில்தான் அடித்தார்கள்.

வளைவில் தூரத்தைக் குறைப்பதற்காக மேட்டு ஓரமாகவே ஒட்டிப் போனேன். வளைவு திரும்பியதும் கோபால்சாமியின் ஜீப் எதிரில் வந்தது. அவரும் மேட்டு ஓரமாகவே வந்தார். எதிரில் வண்டி வந்தால் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். இது உங்கள் இலாகா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி. நான் இடப்பக்கம், அதாவது சேற்றுப் பக்கம் ஒடித்தேன். அவருக்கு இடப்பக்கம் முள். முள்ளுக்குப் பயந்து அவர் வலப்பக்கம் ஒடித்தார். அதுவும் சேற்றுப் பக்கம்தான். என் ஜீப்பின் மூக்கில் அவருடைய ஜீப் மோதி, ஒரு சக்கரம் சேற்றில் இறங்கி, புரண்டது. ஏழு சுற்று என்று பேசிய பந்தயம் கால் சுற்றில் முடிந்தது.

அதன் பிறகு நானும் சின்னராசுவும் அவருடைய ஜீப்பைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் அவரை வெளியே இழுத்தார்கள். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்திருந்தது. தண்ணீர் கேட்டார். ஏரியில் தண்ணீர் இல்லை. செல்லி அந்தப் பால் செம்பை எடுத்துவந்து அவர் வாயில் வைத்தாள். முழுவதும் குடித்தார்.

என் வண்டியில் ரேடியேட்டர் உடைந்துவிட்டது. அவருடைய மற்ற இரண்டு வண்டியும் சவாரிக்குப் போயிருந்தன. அதனால் மூங்கிலில் கம்பளியைக் கட்டித் தூளியாக்கி, அதில் அவரைப் படுக்க வைத்து, நாங்கள் ஆள் மாற்றி ஆள் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கி அடிவாரம் கொண்டுவந்து சேர்த்தோம். வழியெல்லாம் அவர், "மெதுவாடா, குலுங்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு தடவை நான், "படுத்துக்கினுதானணா வர்ற. ஒன் வண்டியில நாங்க தொங்கிக்கினு வருவோம்" என்றேன். இதை மிரட்டல் என்று புகாரில் எழுதியிருக்கிறார்கள். நான் சொன்னது உண்மை. அது மிரட்டல் இல்லை.

சனிக்கிழமை என்னை இந்த நிலையத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நானே நடந்து வந்தேன். படத்தில் கார்கள் இடப்பக்கமாகத்தான் சுற்றின என்றும், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அதற்குச் சாட்சி சொல்கிறார்கள் என்றும், அதைப் பார்த்தும் நான் எதிராக ஓட்டியது கொல்லும் எண்ணத்தில்தான் என்றும் உதவி ஆய்வாளர் சொன்னார். இத்தனை பேர் எப்படி ஒன்றுபோலப் பொய் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் பார்த்ததை மாற்றிச் சொல்லவும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

இன்று காலை எனக்குக் கூழ் கொண்டுவந்த செல்லி, அதைக் கேட்டுவிட்டு, கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். என் எதிரில் வந்து நின்று, தன் முகத்துக்கு நேராக விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். "நான் சோத்தாங்கைப் பக்கமாத்தான் சுத்தறேன். ஒனக்கு எப்டிய்யா தெரியுது?" என்று கேட்டாள். எனக்கு அது இடப்பக்கமாகச் சுற்றுவது போலத் தெரிந்தது. "இன்னாய்யா முழிக்கிற? நாம துணிக்குப் பின்னாலதான குந்தினு இருந்தோம்" என்றாள்.

அதன் பிறகு அவள் உதவி ஆய்வாளர் மேசைக்கு எதிரில் போய் நின்று, அவருக்கும் அதே மாதிரி விரலைச் சுற்றிக் காட்டினாள். அவர் தன் விரலையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். எழுத்தரைப் பார்த்து, எழுதிக்கொள் என்று மட்டும் சொன்னார். படத்தில் வந்த ஆங்கில எழுத்துகளும் எங்களுக்கு இடம் வலம் மாறித்தான் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம்.

எழுத்தர் இதுவரை எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஓரிடத்தில், "நான் அறியாமையினால் தவறான திசையில் ஓட்டிவிட்டேன்" என்று இருந்தது. அது நான் சொன்னது அல்ல. அப்படி எழுதினால் வழக்கு லேசாக முடிந்துவிடும், வண்டி திரும்பக் கிடைக்கும், பேசாமல் கையெழுத்துப் போடு என்றார். மாட்டேன் என்றேன். எனக்கு எடுத்துச் சொல்லும்படி செல்லியையும் கேட்டார்கள். அவள், "வண்டி போனா தலச்சுமையா தூக்கிக்கினு எறங்குவோம் சார். முன்ன அப்டித்தான் எறங்கினோம்" என்றாள்.

இன்று சந்தை நாள். என் வண்டிச் சாவி இந்த மேசைமேல் இருக்கிறது. எங்கள் சனங்கள் புளி மூட்டையோடு இந்த நிலையத்தைத் தாண்டித்தான் நடந்து போகிறார்கள், ஜன்னல் வழியாகத் தெரிகிறது. ஆனாலும் அந்த வரியை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எனக்குக் காட்டிய பக்கத்தில் எனக்குத் தெரிந்த திசையில் நான் ஓட்டினேன். அது எப்படித் தவறான திசை ஆகும் என்று எங்களை அந்தப் பக்கம் அனுப்பியவரைக் கேளுங்கள். அங்கேயும் இதே படம்தான் தெரியும் என்று சொன்னவர் அவர். அவருக்குக் கால் கூடியதும் மறுபடி ஏழு சுற்று விட நான் தயார். அதற்கு முன்னால் அந்தப் படத்தை எங்கள் மைதானத்தில் இன்னொரு தடவை போட வேண்டும். அன்றைக்குப் பெஞ்சில் நாங்கள் உட்காருவோம். கோபால்சாமி துணிக்குப் பின்னால் உட்காரட்டும்.

இதில் எழுதியிருப்பது முழுவதும் நான் என் வாயால் சொன்னது. வாசிக்கக் கேட்டேன். அடித்த ஒரு வரியைத் தவிர எல்லாம் உண்மை.

(ஒப்பம்) பொ. சிங்காரம்

என் முன்னிலையில். அடித்தல் ஒன்று, வாக்குமூலம் கொடுத்தவர் கேட்டுக்கொண்டபடி.
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்